தைராய்டு சீரான பிறகும் கண் ஏன் சீராகவில்லை?

நீங்கள் எழுதியிருப்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 41 வயது, பள்ளி ஆசிரியை. சென்ற ஆண்டு ஹைபர் தைராய்டு என்று கண்டறியப்பட்டு, கார்பிமசோல் மாத்திரையால் இப்போது ரத்தப் பரிசோதனை எல்லாம் சீராகிவிட்டது. ஆனால் எட்டு மாதமாகக் கண்கள் முன்தள்ளி நிற்கின்றன, மேலிமை ஏறிக்கொண்டது, கரும்பலகையின் மேல்வரியை நிமிர்ந்து பார்த்தால் எழுத்து இரண்டாகத் தெரிகிறது. ஒரு மருத்துவர் கண்குழி எலும்பைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார், இன்னொருவர் பொறுத்திருங்கள் என்கிறார். யார் சொல்வது சரி என்பது நீங்கள் வெளிப்படையாகக் கேட்ட கேள்வி. தைராய்டு சரியான பின்னும் கண் ஏன் சரியாகவில்லை என்பது அதற்கு முன்னால் நிற்கும் கேள்வி. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. “பிள்ளைகள் ‘மிஸ், ஏன் முறைக்கிறீங்க’ என்று கேட்கிறார்கள்” என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிக்குள் அது ஒளிந்திருக்கிறது. பழைய முகம் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் அது.

நான் கண்குழி, இமை சார்ந்த பிரிவில் 18 ஆண்டுகளாகப் பணிபுரியும் கண் மருத்துவர். இருந்தாலும் உங்கள் கண்ணையோ ஸ்கேனையோ நான் பார்க்கவில்லை. ஆகவே அந்த இரு மருத்துவர்களில் ஒருவர் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்ல என்னால் இயலாது. தைராய்டு கண் நோய் எனப்படும் இந்த நோயில் அவர்கள் இருவருமே சரியாகச் சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு என்பதையும், எதைக் கேட்டால் உங்களுக்குத் தெளிவு பிறக்கும் என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

தைராய்டு சுரப்பி கெட்டதால் கண் கெட்டது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டையும் தாக்குவது ஒரே கை. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு, தைராய்டு செல்களின் மேலுள்ள, சுரப்பியைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிக்கு எதிராகத் தவறுதலாக ஒரு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அதே ஏற்பி கண்ணுக்குப் பின்னாலுள்ள நார்த்திசுச் செல்களிலும் இருப்பதால் அவையும் தூண்டப்படுகின்றன. தூண்டப்பட்ட செல்கள் நீரை உறிஞ்சிப் பிடித்துவைக்கும் ஹயலுரானிக் அமிலத்தைச் சுரக்கின்றன. சில கொழுப்புச் செல்களாகவே மாறிவிடுகின்றன. கண்ணை அசைக்கும் தசைகள் வீங்கித் தடிக்கின்றன. கண்குழியின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 30 மில்லி, ஒரு டம்ளர் காபிக்கு ஊற்றும் டிகாக்‌ஷன் அளவுதான். மேல், கீழ், இருபுறம் என எல்லாப் பக்கமும் எலும்பு. முன்பக்கம் மட்டுமே திறப்பு. உள்ளே சில மில்லி கூடினாலும் விழிக்கு முன்னால் வருவதைத் தவிர வேறு வழியில்லை. உங்களுக்கு நிமிர்ந்து பார்க்கும்போது மட்டும் இரட்டையாகத் தெரிவதற்கும் காரணம் இதுவே: பெரும்பாலும் முதலில் தடிப்பது விழியின் அடியிலுள்ள தசை; அது விறைத்துப்போனால் விழியைக் கீழேயே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மேலே உருள விடாது.

டப்ளினில் கிரேவ்ஸ் என்ற மருத்துவர் 1835இலும், ஜெர்மனியின் மெர்சபுர்க் நகரில் பாசடோ என்ற மருத்துவர் 1840இலும் கழுத்து வீக்கம், படபடப்பு, விழிப்பிதுக்கம் மூன்றையும் சேர்த்து விவரித்த நாளிலிருந்து இவை ஒரே நோயின் முகங்கள் என்பது தெரிந்த செய்தி. ஆனால் ஒன்றைக் குணப்படுத்தினால் மற்றது தானாக அடங்கிவிடும் என்பது அதிலிருந்து கிடைப்பதில்லை. கார்பிமசோல் சுரப்பியின் உற்பத்தியைத்தான் கட்டுப்படுத்துகிறது. கண்குழியில் தொடங்கிவிட்ட அழற்சியை நேரடியாக நிறுத்தும் மருந்தாக அதை எண்ண முடியாது. தைராய்டு அளவு முற்றிலும் சீராக இருப்பவர்களுக்கும், குறைவாகச் சுரப்பவர்களுக்கும்கூட இந்தக் கண் நோய் வருவதுண்டு. இந்த நோயோடு வருபவர்களில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் அப்படிப்பட்டவர்கள்.

அதற்காகத் தைராய்டைக் கவனிக்காமல் விட்டுவிடலாம் என்று பொருளில்லை. அளவு கூடினாலும் கண் மோசமாகும், மாத்திரை அதிகமாகிக் குறைந்துபோனாலும் மோசமாகும். ஆகவே கண் நிலைபெறும் வரை மாதம் ஒருமுறையோ ஆறு வாரத்துக்கு ஒருமுறையோ பரிசோதித்துக்கொள்வது வீண் செலவாகாது. யாராவது கதிரியக்க அயோடின் குடிக்கச் சொன்னால், கண்ணில் அழற்சி இருப்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதன்பின் ஏறத்தாழ நூற்றில் பதினைந்து பேருக்குக் கண் நோய் புதிதாக வருகிறது அல்லது கூடுகிறது; உடன் சில வாரம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் அந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்; பல ஆய்வகக் கருவிகளில் அது தைராய்டு கூடியிருப்பதுபோலப் பொய்யான முடிவைக் காட்டும். சர்க்கரை நோய்க்கு பயோகிளிட்டசோன் எடுப்பவர்களுக்குக் கண்குழிக் கொழுப்பு கூடி விழி மேலும் முன்தள்ளியதாகப் பதிவுகள் உள்ளன. நம் ஊரில் அந்த மாத்திரை பரவலாகப் புழங்குவதால் இதைக் கேட்டுக்கொள்வது என் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாகப் புகை. புகைப்பவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது, கடுமையாக வருகிறது, மருந்துக்கும் குறைவாகவே கேட்கிறது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பிறர் விடும் புகைக்கு அத்தனை வலுவான சான்று இல்லை. ஆனாலும் வீட்டில் புகைப்பவர் இருந்தால் வெளியே போய்ப் புகைக்கச் சொல்வதில் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை.

இனி அறுவை சிகிச்சை. இந்த நோய்க்கென்று ஒரு தனிக் கடிகாரம் உண்டு. ரண்டில் என்ற மருத்துவர் 1945இல் அதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார், இன்றும் அவர் பெயராலேயே அது அறியப்படுகிறது. அழற்சி சில மாதங்கள் ஏறுகிறது, ஓர் உச்சத்தைத் தொடுகிறது, பின் மெல்ல இறங்கி ஒரு நிலையில் நின்றுவிடுகிறது. சிவப்பும் வலியும் வீக்கமும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் விழி இருந்த இடத்துக்கே முழுவதும் திரும்புவது குறைவு, ஏனெனில் வீங்கிய தசையில் தழும்பு விழுந்துவிடுகிறது. இந்த ஏற்றமும் இறக்கமும் பொதுவாக ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முடிகின்றன, புகைப்பவர்களுக்கு நீளும். ஏற்றத்தில் இருக்கும்போது மருந்து வேலை செய்யும், அறுவை நிலைக்காது. அடங்கிய பிறகு மருந்து பெரும்பாலும் பயன்படாது, அறுவை நிலைக்கும். ஈரம் காயாத சுவரில் வெள்ளையடித்தால் என்ன ஆகுமோ அதுதான் அழற்சி அடங்காத கண்ணில் செய்யும் திருத்த அறுவைக்கும் நேரும். தைராய்டு சீராகவும் கண் அளவுகள் மாறாமலும் ஆறு மாதம் தொடர்ந்து இருந்தால்தான் பெரும்பாலான மருத்துவர்கள் கத்தியைக் கையில் எடுக்கிறார்கள்.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் “அறுவை செய்யலாமா” என்று கேட்பதைவிட, “என் கண் இப்போது ஏற்றத்தில் இருக்கிறதா, அடங்கிவிட்டதா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்” என்று கேளுங்கள். அதற்கு ஏழு புள்ளி கொண்ட ஓர் அளவுமுறை இருக்கிறது: பார்க்காமல் சும்மா இருக்கும்போதே கண்ணுக்குப் பின்னால் வலி, பார்வையைத் திருப்பும்போது வலி, இமைச் சிவப்பு, விழிவெண்படலச் சிவப்பு, இமை வீக்கம், வெண்படல வீக்கம், மூக்கோரச் சதை மேட்டின் வீக்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மூன்றோ அதற்கு மேலோ வந்தால் நோய் இன்னும் துடிப்பாக இருக்கிறது என்று கொள்கிறோம். இந்த முறையிலும் குறை உண்டு. சிவப்பே இல்லாமல் உள்ளே நோய் முன்னேறுவதை அது தவறவிடும், சில வேளைகளில் எம்ஆர்ஐ துணைக்கு வேண்டியிருக்கும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உள்ளது. மாதத்தின் முதல் நாள், ஒரே ஜன்னலோரத்தில், ஒரே தொலைவிலிருந்து, நேராகவும் பக்கவாட்டிலும் முகத்தைப் படமெடுத்து வையுங்கள். ஐந்து படங்களை வரிசையாகப் பார்க்கும்போது, உங்களுக்கும் மருத்துவருக்கும் கடிகாரம் எங்கே நிற்கிறது என்பது சொல்லாமலே தெரியும்.

காத்திருக்கவே கூடாத இரண்டு நிலைகள் இருக்கின்றன. முதலாவது, தடித்த தசைகள் கண்குழியின் கடைக்கோடியில் பார்வை நரம்பை நெரிப்பது. நோயுற்றவர்களில் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே இது வருகிறது, ஆனால் வந்து சில வாரம் கவனிக்காமல் விட்டால் இழந்த பார்வை திரும்பாது. விழி அதிகம் பிதுங்காதவர்களுக்கும் இது வரும். முன்னால் வர முடியாத விழி உள்ளே இறுக்கத்தை ஏற்றிவிடுகிறது. இதன் முதல் அறிகுறி நிறம் வெளிறுவது. நீங்கள் விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவே இதற்குப் போதும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அதைப் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்குச் சிவப்பாகவும் மற்றதற்குச் செங்கல் நிறமாகவோ சாம்பல் பூத்ததாகவோ தெரிந்தால், அல்லது பார்வை மங்கினால், அடுத்த சந்திப்பு வரை பொறுக்காமல் அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். ஆனால் இரு கண்ணிலும் ஒரே அளவில் நிறம் மங்கினால் இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது; அதனால் இது மருத்துவரின் பரிசோதனைக்கு மாற்றாகாது. இரண்டாவது நிலை, இமை மூடாமல் கருவிழி காய்ந்து புண்ணாவது. கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவை அதன் அடையாளங்கள். இவ்விரண்டிலும் அழற்சி இருக்கிறதே என்று பார்ப்பதில்லை. பார்வை நரம்பு நெரிசலுக்கு அதிக அளவு ஸ்டீராய்டை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தி, இரண்டு வாரத்துக்குள் பார்வை தேறாவிட்டால் உடனே எலும்பு குறைப்பு அறுவை செய்கிறோம். முதல் மருத்துவர் அறுவை என்று சொன்னபோது இப்படி எதையாவது கண்டாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கண்டிருந்தால் அவர் சொன்னதே சரி.

நோய் துடிப்பாக இருந்து, இரட்டைப் பார்வையும் இருந்தால், பரவலாகக் கொடுக்கப்படுவது மெத்தில்பிரெட்னிசோலோன் ஊசி: வாரம் ஒருமுறை அரை கிராம் வீதம் ஆறு வாரம், பிறகு கால் கிராம் வீதம் ஆறு வாரம், மொத்தம் 4.5 கிராம். பல மாதம் வாயால் விழுங்கும் ஸ்டீராய்டைவிட இதற்குப் பலன் அதிகம், முகம் ஊதுவது போன்ற தொல்லையும் குறைவு. ஆனால் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால் தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் காசநோய் இல்லை என்றும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் நேராக டிரிப் ஏற்றும் இடமாக இருந்தால் நான் எழுந்து வந்துவிடுவேன். வீக்கமும் வலியும் இரட்டைப் பார்வையும் இந்த ஊசிக்கு நன்றாகக் குறைகின்றன. பிதுக்கம் அவ்வளவாகக் குறைவதில்லை. பிதுக்கத்தையே குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதாக நிறுவப்பட்ட முதல் மருந்து டெப்ரோடுமுமாப். அமெரிக்காவில் 2020 ஜனவரியில் அனுமதி பெற்றது; மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு முறை ஏற்றுவார்கள். கேட்கும் திறன் குறைதல், சர்க்கரை ஏறுதல், தசைப்பிடிப்பு ஆகிய பக்கவிளைவுகள் உண்டு, நிறுத்திய பின் சிலருக்கு நோய் திரும்புவதும் உண்டு. விலை சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை. இணையத்தில் அதன் முன்-பின் படங்களைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். செலினியம் மாத்திரை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். லேசான நோய் உள்ளவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பலன் கண்ட ஆய்வு, மண்ணில் செலினியம் குறைந்த ஐரோப்பியப் பகுதிகளில் நடந்தது. போதிய செலினியம் கிடைக்கும் இடத்தில் அதே பலன் வருமா என்பது ஐயத்துக்குரியது. உங்களுடையது லேசான நிலையைத் தாண்டிவிட்டதால் அதை நம்பிக் காலத்தைக் கடத்த வேண்டாம்.

காத்திருக்கும் மாதங்களை எப்படித் தள்ளுவது என்பதுதான் உண்மையில் கடினமான பகுதி. கண்ணில் ஏற்கெனவே நீர் வடிகிறது, இதில் சொட்டு மருந்து வேறு எதற்கு என்று பலரும் கேட்பார்கள். இமை சரியாக மூடாமல் காய்வதால் எழும் எரிச்சலுக்குத்தான் அந்த நீர் சுரக்கிறது. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தைப் பகலில் நான்கைந்து முறையாவது விடுங்கள்; அதற்கும் அதிகமாக விட நேர்ந்தால் பதனப்பொருள் சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். இரவில் களிம்போ ஜெல்லோ போட்டு, இமை திறந்தே கிடந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பால் மெல்ல ஒட்டிவிட்டுத் தூங்கலாம். தலைக்கு மேலே சுழலும் மின்விசிறிக்கு நேர் கீழே படுக்காதீர்கள்; கட்டிலை நகர்த்தியதிலேயே பாதி எரிச்சல் போய்விட்டது என்று சொன்னவர்கள் உண்டு. தலைமாட்டை உயர்த்திப் படுத்தால் காலையில் இமை வீக்கம் குறைந்திருக்கும். வெயிலில் பெரிய கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்கும், அடுத்தவர் பார்வையையும் தடுக்கும். இரட்டைப் பார்வைக்கு, மூக்குக்கண்ணாடியின் ஒரு வில்லையில் ஒட்டும் மெல்லிய பட்டகத் தாள் உண்டு. கோணம் மாறிக்கொண்டே இருக்கும் காலத்தில் அதைக் கழற்றி வேறு ஒட்டிக்கொள்ளலாம். அது பொருந்தாவிட்டால் ஒரு வில்லையில் வெள்ளை டேப் ஒட்டினாலே இரண்டு ஒன்றாகிவிடும். நேராகப் பார்க்கும்போதும் இரண்டாகத் தெரியத் தொடங்கினால் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிடுங்கள். கண் பயிற்சியால் தழும்பேறிய தசை இளகாது. தாய்ப்பால், தேன், இளநீர் என்று எதையும் கண்ணில் விடாதீர்கள். காய்ந்து கீறல் விழுந்த கருவிழியில் கிருமி நுழைய அது போதும். இன்னொன்று: இமை மேலேறுவதற்குப் பதில் மாலை நேரங்களில் ஒரு பக்க இமை தொங்கினால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். தைராய்டு உள்ளவர்களிடம் சற்றே கூடுதலாகக் காணப்படும் தசைச்சோர்வு நோயான மயஸ்தீனியாவின் அறிகுறியாக அது இருக்கலாம்.

அடங்கிய பின் அறுவை தேவைப்பட்டால் அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் எலும்பு குறைப்பு, அடுத்து மாறுகண், கடைசியில் இமை. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதற்குக் காரணம் எளியது. முன்னது ஒவ்வொன்றும் பின்னதன் அளவை மாற்றிவிடும். எலும்பைக் குறைத்து விழியைப் பின்னுக்கு இறக்கினால் தசைகளின் இழுவை மாறும். அடித்தசையைத் தளர்த்தினால் அதனோடு பிணைந்த கீழிமை இறங்கும். எல்லோருக்கும் மூன்றும் தேவைப்படாது. இமை மட்டும் திருத்திக்கொண்டு போனவர்களே என்னிடம் அதிகம்.

எலும்பு குறைப்பு என்பது கண்குழிச் சுவர்களில் ஒன்றையோ பலவற்றையோ மெலிதாக்கியோ எடுத்தோ, உள்ளே நெருக்கியடிக்கும் கொழுப்புக்கும் தசைக்கும் பக்கத்திலுள்ள சைனஸ் அறைக்குள் இடம் தேடிக் கொடுப்பது. முழு மயக்கத்தில், இமையின் உட்புறம் வழியாகவோ மூக்கு வழியாக எண்டோஸ்கோப் கொண்டோ செய்வதால் முகத்தில் பெரிய தழும்பு விழாது. எத்தனை சுவர், எவ்வளவு கொழுப்பு என்பதைப் பொறுத்து 2 மில்லிமீட்டரில் தொடங்கி 6, 7 மில்லிமீட்டர் வரை விழி உள்ளே போகும். நோயாளிகளிடம் நான் மறைக்காமல் சொல்லும் பாதகம் ஒன்று: இதற்கு முன் இல்லாத இரட்டைப் பார்வை இதன் பிறகு வரலாம், இருப்பது கூடலாம். கன்னமும் மேலுதடும் சில மாதம் மரத்துப்போகலாம். மூளைநீர்க் கசிவும் பார்வை இழப்பும் மிக அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அறுவைக்குப் பின் சில வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. சைனஸிலிருந்து காற்று கண்குழிக்குள் ஏறிவிடும்.

மாறுகண் அறுவையில் விறைத்த தசையைக் கத்தரித்துச் சுருக்குவதில்லை. ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து பிரித்துப் பின்னால் தளர்வாகத் தைக்கிறோம். முடிச்சைத் தற்காலிகமாக விட்டு, மயக்கம் தெளிந்தபின் உங்களையே பார்க்கச் சொல்லி இறுக்கியும் தளர்த்தியும் சரிசெய்யும் முறையும் இருக்கிறது. எங்கள் குறிக்கோள் எதிரே பார்க்கும்போதும் படிக்கும்போதும் ஒன்றாகத் தெரிவது. எல்லாத் திசையிலும் ஒன்றாகத் தெரியவைப்பதாக யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அறுவை நன்றாக அமைந்தாலும் கரும்பலகையின் மேல்வரிக்கு நீங்கள் முகத்தை நிமிர்த்திக்கொள்ள வேண்டியிருக்கலாம். இமை அறுவையோ சிறியது. மரத்துப்போகும் ஊசி போட்டே மேலிமையை ஏற்றும் தசையைத் தளர்த்திவிடலாம். அந்த “முறைப்பு” பெரும்பாலும் பிதுக்கத்தைவிட இமை மேலேறியதால்தான் வருகிறது என்பதால், சிறிய அறுவையே முகத்தை அதிகம் மாற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பழைய முகம் முழுவதும் திரும்புமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், பெரும்பாலும் அருகில் வரும், அச்சாகத் திரும்புவது குறைவு என்பதே. மூன்றும் தேவைப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் இடையே சில மாதம் விட வேண்டும் என்பதால் ஓராண்டுக்கு மேலாகும். அந்தக் காலத்தில் கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காமல் போவதும், விசேஷங்களுக்குப் போகாமல் தவிர்ப்பதும் பலருக்கு நேர்கிறது. அது பலவீனமில்லை, நோயின் ஒரு பகுதி. தூக்கமும் பசியும் கெட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஸ்டீராய்டும் தைராய்டும்கூட மனநிலையைப் புரட்டக்கூடியவை. காப்பீட்டு நிறுவனங்கள் இவற்றை அழகுக்கான அறுவை என்று சொல்லி மறுப்பதுண்டு. தைராய்டு கண் நோயால் இமை மூடவில்லை, இரட்டைப் பார்வை இருக்கிறது என்று அளவுகளோடு மருத்துவர் எழுதித் தரும் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது, நோய் வருவதற்கு முன் எடுத்த படங்கள் நான்கைந்தைக் கல்யாண ஆல்பத்திலிருந்தோ பள்ளிக் குழுப்படத்திலிருந்தோ எடுத்துச் செல்லுங்கள். சிலருக்கு இயல்பிலேயே பெரிய கண் இருக்கும். எதுவரை பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை அறுவை மருத்துவர் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.